புனர்பூசத்தின் ஓரத்தில் ஒரு மறைப்பு

செண்பகத்தோப்புச் சாலையோரத்தில், தோப்பு வீடு ஒன்றின் மொட்டை மாடி. ராஜபாளையத்து நூற்பாலை ஃபிட்டர் ஒருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் அங்கே எட்டு அங்குலத் தொலைநோக்கியோடு மார்கழி இரவுகளைக் கழிக்கிறார்கள். ஓர் இரவு நானும் கூட இருந்தேன்.

புனர்பூசத்தின் இரு மீன்களில் வடக்கே இருப்பது காஸ்டர். அதையொட்டி, வெறும் கண்ணுக்கு எட்டாத இரண்டு செங்குறுமீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன; நம் பார்வையில் ஒன்று மற்றதை மாறிமாறி மறைக்கிறது. ஒய்.ஒய். ஜெமினோரம் என்று பெயர். தொலைவு சுமார் 50 ஒளியாண்டு. ஒரு சுற்றுக்குப் பத்தொன்பதரை மணி நேரம். சுற்றுக்கு இரண்டு மறைப்பு என்பதால், இரவு முழுக்க விழித்திருந்தால் ஒன்று கிடைத்துவிடும்.

காஸ்டரின் பிரகாசம்தான் இடைஞ்சல். “பெரியவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுனாத்தான் சின்னவங்க தெரிவாங்க அண்ணாச்சி” என்று ஃபிட்டர் குமிழை மயிரிழை திருப்பினார். திரையில் மங்கிய புள்ளி ஒன்று நின்றது. பக்கத்தில் ஒளி மாறாத வேறொரு மீன். அதோடு ஒப்பிட்டுத்தான் கணக்கு. படம் படமாக எடுக்கிறார்கள். நடுநடுவே கண்ணாடியில் பனி படர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். நள்ளிரவு தாண்டி எண்கள் இறங்கத் தொடங்கின. ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய், மெல்லத் திரும்பியது. மொத்தம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

ஆலையில் நூலின் தடிமனை யாரும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. 120 கெஜத்தை எடை போட்டு கவுண்ட் சொல்கிறார்கள். இங்கும் அப்படித்தான். மறைப்பு நீடிக்கும் நேரத்திலிருந்து, இடைவெளியோடு ஒப்பிட்டால் மீன்கள் எவ்வளவு பருமன் என்று தெரிகிறது. மறைப்புகள் இரண்டின் ஆழத்தை ஒப்பிட்டால் எது வெப்பம் கூடியது என்று தெரியும். கிலோமீட்டரும் எடையும் வேண்டுமானால் வேகம் தெரிய வேண்டும். அதற்கு நிறமாலை எடுக்கப் பெரிய கண்ணாடி வேண்டும். காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி போன்றது. அத்தகைய அளவீடுகள் சொல்வது: ஒவ்வொன்றும் நொடிக்குச் சுமார் 120 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, இடைவெளி 27 லட்சம் கி.மீ.; நிறை சூரியனில் 0.6 பங்கு, ஆரம் 0.62 பங்கு.

அந்த ஆரத்தில்தான் சிக்கல். இந்த எடைக்குக் கோட்பாடு சொல்லும் அளவைவிட அது ஏறக்குறைய பத்து சதவீதம் பெரிது. நெருங்கிய இணை என்பதால் இரண்டும் வேகமாகத் தற்சுழல்கின்றன. அதனால் காந்தப்புலம் வலுத்து, உள்ளிருந்து வெப்பம் மேலெழுவதைத் தடுக்கிறது, மீன் உப்புகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். விண்மீன்களில் பெரும்பான்மை செங்குறுமீன்களே. அவற்றின் பருமன் பிசகினால், அவற்றைச் சுற்றும் கோள்களின் பருமனும் பிசகும். இந்த வேலையை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

நாலு மணிக்கு ஊர்ப்பக்கம் திருப்பாவை ஒலித்தது. வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் ஆண்டாள் அதில் குறித்திருக்கிறாள். அதை வைத்து அவள் காலத்தைக் கணிக்க முயன்ற அறிஞர்கள் உண்டு.

மறைப்பு முடிந்தும் மாடியில் ஃபிட்டரும் ஆசிரியரும் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. ஒளி அளவுகளை வரைந்த வளைகோட்டில் மறைப்புக்கு வெளியிலும் ஒரு சிறு சரிவு இருந்தது. மீனின் மேலுள்ள கரும்புள்ளி நம் பக்கம் திரும்பியிருக்கலாம் என்றார் ஆசிரியர். புள்ளி இடம் மாறினால் சரிவும் மாறும். தையிலும் மாடி ஏறியாக வேண்டும்.