மஞ்சக் கடுதாசி

பிள்ளைச்சாவடியில் எனக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவர், கடன் கழுத்தை நெரித்ததும் ஒரு வக்கீலிடம் போனார். ‘மஞ்சக் கடுதாசி கொடுத்திடலாம்ணே. முதல்ல வீட்டை மச்சான் பேருக்கு எழுதிடுங்க’ என்றாராம். கையெழுத்துப் போடுமுன் எனக்குப் போன். நான் படித்தது பி.காம்.தான். ஆனாலும், ‘எழுந்து வந்துடுங்கண்ணே’ என்றேன்.

ஏன் தெரியுமா? தனிநபர் திவாலுக்குப் புதுச்சேரியில் இன்றும் 1920-ம் வருஷச் சட்டம்தான். (2016-ல் வந்த புதுச் சட்டம், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்ற தனிநபர்களுக்கு இன்னும் அமலாகவில்லை.) மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் பணம் வாங்காமல் எழுதிக்கொடுத்த சொத்தை கோர்ட் செல்லாததாக்கிவிடலாம். மறைத்தது தெரிந்தால் ஜெயிலும் உண்டு.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது. ஆகவே, நாலு பேரிடம் விசாரித்துத்தான் போகணும். போனதும், ‘எத்தனை பேருக்கு விடுவிப்பு உத்தரவு வரைக்கும் வாங்கிக் கொடுத்திருக்கீங்க?’ என்று கேளுங்கள். மனு போடுவது பாதி வேலைதான் சார். கோர்ட் தந்த கெடுவுக்குள் விடுவிப்பு கேட்காவிட்டால், திவால் உத்தரவே ரத்தாகிவிடும். அரசாங்க பாக்கியும் ஜீவனாம்சமும் இதில் கழியாது. இதையெல்லாம் நீங்கள் கேட்காமலே சொல்கிறாரா, பாருங்கள். கைமாத்து, அடகுச் சீட்டு என்று ஒவ்வொன்றாகக் குடைந்து எரிச்சல் மூட்டுகிறாரா? அவரை விட்டுவிடாதீர்கள்.

ஃபீஸுக்கே வழியில்லையா? சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.