ஆறு மாதக் கணக்கு

ஓகஸ்ட் 3, ஞாயிறு, கோண்டாவில்

"ஆறு மாசத்துக்குள்ள வாறதுதானாம் பிள்ளை. பிறகு வராதாம்."

பக்கத்து வீட்டு மாமி தேத்தண்ணியை வைத்துவிட்டு இதைச் சொன்னா. யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும்தானாம். மாமாவுக்குப் பாரிசவாதம் வந்தது போன வருஷம் தைப்பொங்கலுக்கு முதல் கிழமை. வலது கையும் காலும் விழுந்து, கதை அடியோடு நின்றது. கால் தேறிவிட்டது, பொல்லில்லாமல் படலைவரை நடக்கிறார். கதை கொஞ்சம் வந்து அப்படியே நிற்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் வீட்டில் பயிற்சியை விட்டுவிட்டார்கள். வராத ஒன்றுக்காக மனுசனை ஏன் வருத்துவான் என்பது மாமியின் நியாயம்.

இலண்டனில் என் வேலையே இதுதான். பாரிசவாதத்தால் பேச்சிழந்தவர்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, பேச்சு திரும்பும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் செய்யும் ஆய்வு. இந்த ஆறு மாதக் கணக்கு அங்கேயும் உண்டு. முதல் மாதங்களில் தேற்றம் வேகமாக இருக்கும் என்பது சரி. அந்த வேகம் குறைவதை முடிவென்று எடுத்துக்கொண்டதில்தான் வில்லங்கம்.

ஓகஸ்ட் 4, திங்கள்

மாமா கோண்டாவில் டிப்போவில் கொண்டக்டராக இருந்து இளைப்பாறியவர். பருத்தித்துறை ஓட்டம்தான் கூட. இன்றைக்கு மாமி, "வந்து கேளுங்கோ, கதைக்கிறார்" என்று என்னைக் கூப்பிட்டு, "யாழ்ப்பாணம்" என்று எடுத்துக் கொடுத்தா. மாமா பிடித்துக்கொண்டார்: கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால், வல்லை, நெல்லியடி, பருத்தித்துறை. ஒரு தடக்கல் இல்லை. இறங்குகிறவர்களை அவசரப்படுத்தும் அதே பழைய குரல்.

பிறகு நான் கேட்டேன்: "மாமா, உங்கட தங்கச்சி எங்கை இருக்கிறா?" கோப்பாயில் என்று எனக்குத் தெரியும். வாய் திறந்தது, சொல் வரவில்லை. இடது கையால் தொடையில் தட்டினார். கொஞ்சம் பொறுத்து, தானாகவே யாழ்ப்பாணத்தில் தொடங்கி மெதுவாக வந்து, கோப்பாயில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பாடமாகிப்போன தொடர்கள், எண்கள், கிழமை நாட்கள், தேவாரம், ஏன் தூஷணம்கூட, இடது மூளை பழுதான பிறகும் பலருக்குத் தப்பி நிற்கும். வீட்டார் இதைக் கதை வந்துவிட்டதாக நினைப்பார்கள். மருத்துவர்கள் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கு இரண்டோடும் உடன்பாடில்லை. தொடர் தானாக ஓடும். ஆனால் கோப்பாயில் நிறுத்தியது தானாக நடந்ததல்ல.

ஓகஸ்ட் 6, புதன்

மாமாவின் மகன் சீ.ரீ. ஸ்கான் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பேச்சு இடதுபக்கம் எண்டு சொல்லுறியள், இதிலை கறுப்பு வலதுபக்கமெல்லோ இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. படத்தை நோயாளியின் காற்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல அச்சிடுவது வழக்கம். அவருடைய இடது நமக்கு வலதாகத் தெரியும்.

அடுத்து யூரியூப்பில் பார்த்ததைச் சொன்னார். புரோக்காவின் பகுதி செத்துப்போச்சு, அதனால் பேச்சும் போச்சு. 1861இல் பாரிசில் போல் புரோக்கா சொன்னதிலிருந்து வரும் பாடம் இது. அவருடைய நோயாளி "தான்" என்ற ஒரே அசையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இலண்டனில் கதி பிரைசின் குழு 134 பேரின் படங்களைப் பார்த்து 2021இல் எழுதியது வேறு. நீண்டகாலப் பேச்சுக் குறைக்குப் பொறுப்பு அந்தப் பகுதி அல்ல, அதற்குப் பின்னால் ஆழத்தில் ஓடும் வெண்ணிற நரம்பிழைகள் அறுந்ததுதான். மகனுக்கு விளங்கட்டும் என்று, "ஊர் அழியேல்லை அண்ணா, றோட்டுத்தான் வெட்டுப்பட்டிருக்கு" என்றேன். மாமா சிரித்தார். அவருக்கு விளங்குகிறது. எப்போதும் விளங்கித்தான் இருந்தது. அவர் முன்னாலேயே அவரைப் பற்றிக் கதைக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சீ.ரீ. படம் செத்ததைக் காட்டும். மிச்சம் என்ன செய்கிறது என்று காட்டாது. அதற்குத்தான் நாங்கள் பார்க்கும் செயற்பாட்டுப் படம். மூளையின் ஒரு இடம் வேலை செய்தால் அங்கே ஒட்சிசன் உள்ள குருதி கூடுதலாகப் பாயும். அப்போது காந்த சமிக்ஞை மாறும். சேஜி ஒகாவா 1990இல் காட்டிய வழி. கேட்க இலகு. ஆனால் குருதி வந்து சேர ஐந்தாறு வினாடி பிந்தும். கதைத்தால் தலை அசையும். சில மில்லிமீற்றர் அசைந்தாலே படம் கெட்டுவிடும். பாரிசவாதம் குருதிக் குழாய்களையே பாதித்திருப்பதால், வேலை செய்யும் இடமும் சும்மா இருப்பதுபோலத் தெரியலாம். வண்ணப் படத்தைக் கண்டவுடன் நம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

2006இல் ஜேர்மனியில் டொரொத்தே சௌர் குழு 14 பேரை மூன்று தடவை படம்பிடித்தது. முதல் நாட்களில் இடதுபக்கம் மந்தம். இரண்டு கிழமையில் வலதுபக்கம் கைகொடுக்கிறது. ஒரு வருடத்தை அண்டும்போது வேலை பெரும்பாலும் இடதுக்குத் திரும்புகிறது. பிரைசின் குழு 2017இல் பார்த்தது அதற்கும் பிந்திய காலத்தை. பாரிசவாதம் வந்து பல வருடம் போனவர்களில் சிலருக்குக் கதை இன்னும் தேறிக்கொண்டிருந்தது, சிலருக்குத் தேய்ந்துகொண்டிருந்தது. வலது மூளையின் கட்டமைப்பும் கூடவே மாறிக்கொண்டிருந்தது. ஆறாம் மாதத்தில் எதுவும் உறைந்துபோகவில்லை.

ஓகஸ்ட் 9, சனி

உலகம் முழுக்கப் பயன்படும் பொஸ்ரன் பெயரிடல் சோதனையில் 60 படங்கள். அதில் எஸ்கிமோவின் பனிவீடு இருக்கிறது, பீவர் இருக்கிறது. கோண்டாவில்காரர் பீவரைப் பேர் சொல்லவில்லை என்று புள்ளி குறைத்தால் யாருக்கு நோய்?

மாமாவின் பேத்திக்கு நன்றாகப் படம் வரும். இருவருமாக இருந்து கொப்பித் தாளில் கீறினோம்: சுளகு, கடகம், மூக்குப்பேணி, நீத்துப்பெட்டி, திருவலை, இடியப்ப உரல். சுளகும் கடகமும் உடனே வந்தன. மூக்குப்பேணிக்கு "தண்ணி... தண்ணி" என்றார். திருவலையைக் கண்டதும் முழங்கையை மடித்துத் துருவிக் காட்டினார், "தேங்காய்" என்றார், அது அல்ல என்று தானே தலையாட்டினார். நான் "தி" என்று மட்டும் சொன்னேன். "திருவலை!" கத்தியே விட்டார். குசினியிலிருந்து மாமி ஓடிவந்தா.

முதல் அசைக்குச் சொல் வருகிறது என்றால் சொல் தொலையவில்லை. எட்ட முடியாமல் இருக்கிறது. பயிற்சி பிடிக்கக்கூடியவர். இதை அறிய ஸ்கான் தேவைப்படவில்லை. என் துறைக்காரர் இதை விரும்பமாட்டார்கள்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

மாமா இடைக்கிடை சிங்களத்தில் "ஹரி ஹரி" என்கிறார். இளம் வயதில் சில காலம் கொழும்பில் வேலை செய்தவர். எந்த மொழி முதலில் திரும்பும் என்று பழைய சண்டை ஒன்று உண்டு: முதலில் கற்றது என்றார் ரிபோ, அதிகம் புழங்கியது என்றார் பித்ர். நான் கண்ட நோயாளிகள் இருவருக்கும் கட்டுப்படவில்லை.

இதில் எனக்கு முக்கியமானது வேறு. ஆங்கிலம் மட்டும் பேசுவோரின் படங்களில் பழக்கிய கணக்கை இருமொழியாளர்மேல் வைத்தபோது, அது அவர்களுக்கு உண்மையில் இருந்ததைவிட நல்ல பேச்சை எதிர்வுகூறியது. 2015இல் பிரைசின் குழுவே இதை எழுதியது. இலண்டனிலேயே இப்படியென்றால், அந்தக் கணக்கை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து ஒருவருக்கு இவ்வளவுதான் கதை வரும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தமிழரின் படங்கள், தமிழில் எடுத்த புள்ளிகள் வேண்டும். அதற்கு முதல் தமிழில் ஒழுங்கான சோதனை கைக்கெட்ட வேண்டும்.

ஓகஸ்ட் 13, புதன்

மாமியிடம் ஜேர்மனியின் இன்னொரு ஆய்வைச் சொன்னேன். 2017இல் லான்செற் மருத்துவ இதழில் வந்தது. பேச்சிழந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன 156 பேர். வாரம் 10 மணித்தியாலத்துக்குக் குறையாத சிகிச்சை, 3 வாரம். காத்திருந்தவர்களுக்கு மாற்றமில்லை, பயிற்சி பெற்றவர்களின் கதை தேறியது, ஆறு மாதத்துக்குப் பிறகும் நின்றது. எழுபதுக்கு மேற்பட்டோரைச் சேர்க்கவில்லை. மாமாவுக்கு அறுபத்தெட்டு.

"பத்து மணித்தியாலம் ஆர் பிள்ளை செய்வினம்?"

அதுதான் கேள்வி. அங்கே செய்தவர்கள் தேர்ச்சி பெற்ற சிகிச்சையாளர்கள். இந்த நாட்டில் பேச்சு மொழிச் சிகிச்சைக்குப் பட்டம் படிக்க நெடுங்காலம் ராகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம்தான் இருந்தது. தமிழில் செய்யக்கூடியவர்கள் மிகச் சிலர். புது ஸ்கான் இயந்திரம் வந்தால் திறப்புவிழா நடக்கும். நான்கு தமிழ்ச் சிகிச்சையாளர்கள் வந்தால் ஒருவருக்கும் தெரியவராது. எனக்குத் தெரிவு தந்தால் நான்கு பேரைத்தான் கேட்பேன். என் சம்பளம் இயந்திரத்தில்தான் இருக்கிறது என்பது வேறு கதை.

வீட்டார் சிகிச்சையாளர் ஆகமாட்டார்கள். ஆனாலும் சும்மா இருப்பதைவிட மேல். அட்டவணை போட்டோம். காலையில் மாமி சமைக்கும்போது அரை மணித்தியாலம் குசினிச் சாமான்கள். முழுச்சொல்லைச் சொல்லிக் கொடுக்காமல் முதல் அசை மட்டும், அதுவும் பத்து எண்ணும்வரை பொறுத்த பிறகு. மாமிக்கு இந்தப் பொறுப்பதுதான் கஷ்டம். பின்னேரம் மகன், பஸ் நிறுத்தங்களைத் தலைகீழாகவும் நடுவிலிருந்தும். இரவு பேத்தி, படங்கள். எல்லாம் கூட்டினால் வாரம் எட்டரை வருகிறது. மிச்சம் ஒன்றரையைச் சனிக்கிழமைக்கு வைப்போம் என்றால், அன்றைக்குப் பேத்திக்கு ரியூசன்.