தண்ணிக்கு ஒரு வாக்குச்சீட்டு

பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி மேல் ஒட்டும் ஷிப்பிங் மார்க்கில் இருபது வருசமாக நான் பார்த்துவந்த பேர் ரோட்டர்டாம். பெட்டி திருப்பூரில் லாரி ஏறும், தூத்துக்குடியில் கப்பல் ஏறும், கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும். அதோடு நம் வேலை முடிந்தது. போய்ச் சேரும் இடம் எப்படியிருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. போன மே மாதம் வேலை நிமித்தம் ஒரு வாரம் அங்கே போக நேர்ந்தபோதுதான், அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு மாகாணமே இருப்பது தெரிந்தது. அதன் பேர் தெற்கு ஹாலந்து.

அங்கே என்கூடச் சுற்றிவந்த நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருசத்துக்கும் மேலாக நெதர்லாந்தில் குடியிருக்கிறார். மாகாணம் என்று நான் சொல்லத் தயங்கியதை அவர் சாதாரணமாகச் சொன்னார். நமக்கு அது சென்னை மாகாணத்தோடு போய்விட்ட சொல், இலங்கைத் தமிழருக்கு இன்றும் அன்றாடச் சொல். நெதர்லாந்தில் இப்படி 12 மாகாணங்கள். ஒரே ஹாலந்தாக இருந்ததை 1840இல் வடக்கு, தெற்கு என்று பிரித்தார்கள். தெற்கு ஹாலந்தின் நிலப்பரப்பு சுமார் 2,700 சதுர கிலோமீட்டர். எங்கள் திருப்பூர் மாவட்டம் 5,187. எங்கள் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 25 லட்சம் பேர் இருக்கிறோம், அங்கே பாதி இடத்தில் 37 லட்சத்துக்கு மேல். அந்த நாட்டிலேயே சனம் அதிகமுள்ள மாகாணம் அதுதான்.

ஆனால் நெரிசல் கண்ணில் படவில்லை. ஹேக், டெல்ஃப்ட், ரோட்டர்டாம் மூன்றையும் அரைமணி நேர ரயிலில் தாண்டிவிடலாம். நடுநடுவே மாடு மேயும் பச்சை வயல், வயலுக்கு வயல் நேர்கோடாக வாய்க்கால். கடலோரமாக வெஸ்ட்லாந்து பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடிக் குடில்கள், அவற்றுக்குள் தக்காளியும் குடைமிளகாயும் பூக்களும். தெற்கே போகப்போக நிலம் தீவு தீவாக உடைந்து, ஆறுகள் கடலில் கலக்கும் கழிமுகமாகிறது. மாகாணத் தலைநகர் ஹேக். நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் உலக நீதிமன்றமும் அங்கேதான். ஆனாலும் அரசியல் சாசனப்படி நாட்டின் தலைநகர் பக்கத்து மாகாணத்தின் ஆம்ஸ்டர்டாம். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிபட இரண்டு நாள் ஆனது.

மாகாணத்துக்குக் கீழே 50 நகராட்சிகள். மாகாண அவையில் மக்கள் தேர்ந்தெடுத்த 55 பேர். அதற்குத் தலைமை தாங்கும் ஆணையரும் ஊர்களின் மேயர்களும் மட்டும் அரசர் பேரால் நியமிக்கப்படுகிறவர்கள். நாம் மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டே போகிறோம். திருப்பூரே கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் எடுத்து 2009இல் உண்டானதுதான். அவர்களோ ஊர்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். 2023 ஜனவரி 1 அன்று பிரீல் உட்பட மூன்று நகராட்சிகளை ஒன்றாக்கி வோர்னே ஆன் சே என்று பேர் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் நிர்வாகக் கணக்கு. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு.

மூன்றாம் நாள் நண்பர் என்னை நியூவெர்கெர்க் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். பெருவழிச்சாலை ஓரம் ஒரு சின்ன நினைவுச்சின்னம். நாட்டிலேயே தாழ்வான இடம் அது, கடல்மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே. கடல்மட்டத்துக்கு முந்நூறு மீட்டர் அளவுக்கு மேலே பிறந்து வளர்ந்த எனக்கு, அங்கே நின்றபோது கால் கூசியது. பக்கத்துப் பட்டணங்களின் அடுப்புக்காக, மட்கிய செடிகொடிகள் சேர்ந்த மண்ணை நூற்றாண்டுக் கணக்கில் வெட்டி உலர்த்தி விற்றார்கள். வெட்டின பள்ளம் ஏரியானது. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஏரியை இறைத்து மறுபடி வயலாக்கினார்கள். அன்று தொடங்கின இறைப்பு இன்றுவரை நிற்கவில்லை. நின்றால் ஏரி திரும்பிவிடும்.

அங்கிருந்து ஹாலந்து ஐசல் ஆற்றின் கரை. கரைமேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வீடுகள். வீட்டு வாசல்கள் ஆற்றுமட்டத்துக்குப் பல அடி கீழே இருந்தன. பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து சிரித்தார். அவர் தலைக்கு மேலே ஒரு சரக்குப் படகு போய்க்கொண்டிருந்தது.

1953 பிப்ரவரி 1 விடியற்காலை வடகடல் பொங்கி தென்மேற்குக் கரைகளை உடைத்தது. 1,836 பேர் இறந்தார்கள். இதே மாகாணத்தின் தீவு ஊரான அவுடே-டோங்கேயில் மட்டும் முந்நூறுக்கு மேல். அன்று இந்த ஐசல் கரையும் உடையத் தொடங்கியது. உடைந்திருந்தால் வெள்ளம் இந்தப் பள்ளத்தில் இறங்கி, லட்சக்கணக்கானோர் வாழும் நிலத்துக்குள் போயிருக்கும். ஊர் மேயர் ஒரு படகோட்டியிடம், படகைக் கொண்டுபோய் உடைப்பில் செருகச் சொன்னார். ஆரி எவெஹ்ரூன் என்ற அந்தப் படகோட்டி தன் சொந்தப் படகைத் திருப்பி உடைப்பின் குறுக்கே நிறுத்தினார். படகின் பேர் ‘இரு சகோதரர்கள்’. கரை பிழைத்தது. அங்கே இப்போது அதற்கு ஒரு சிலை இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். நண்பர் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மெட்ரோவிலேயே கடற்கரைப் பக்கம் போய் மாஸ்லாந்த் வெள்ளத்தடுப்பைப் பார்த்தோம். ஆற்றின் இரு கரையிலும் இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளம், 22 மீட்டர் உயரம். 1997இல் திறந்தார்கள். புயலில் ரோட்டர்டாமில் நீர்மட்டம் மூன்று மீட்டரைத் தாண்டுமென்று கணினி கணித்தால் கதவுகள் தாமே சாத்திக்கொள்ளும். 2023 டிசம்பரில் அப்படித்தான் சாத்தின. அந்த வாசல் வழியாகத்தான் ரோட்டர்டாம் நகரத்துக்கே கப்பல் போகிறது. துறைமுகமோ கடலிலிருந்து நகரம் வரை நாற்பது கிலோமீட்டர் நீளம், ஐரோப்பாவிலேயே பெரியது. இடம் போதாமல் கடலையே தூர்த்து முனையை நீட்டியிருக்கிறார்கள். தூத்துக்குடியில் ஏறும் எங்கள் பனியன் அங்கேதான் இறங்குகிறது.

“இதுக்கெல்லாம் ஆருங்க பொறுப்பு? கலெக்டரா?” என்று கேட்டேன்.

“இந்தக் கதவு அரசாங்கத்தின்ர. ஆனா கரையும் வாய்க்காலும் பம்பும் தண்ணிச் சபையின்ர” என்றார். “எலக்சனில ரெண்டு வாக்குச்சீட்டு தருவினம் அண்ணை. ஒண்டு மாகாணத்துக்கு, ஒண்டு தண்ணிக்கு.”

அந்தப் பேச்சுக்கப்புறம் நான் வேறெதையும் சரியாகப் பார்க்கவில்லை. நாடு முழுக்க இப்படி 21 தண்ணிச் சபைகள், அதாவது நீர் வாரியங்கள். அவற்றின் எல்லை மாகாண எல்லையையோ நகராட்சி எல்லையையோ பார்ப்பதில்லை, தண்ணீர் ஓடும் போக்கைத்தான் பார்க்கிறது. நாலு வருசத்துக்கொரு தடவை தேர்தல். சபையில் விவசாயிகளுக்கென்றும் இயற்கைக் காப்புக்கென்றும் தனி இடம் உண்டு. கரையைக் காப்பதற்கும் கழிவுநீரைச் சுத்திகரிப்பதற்கும் ஒவ்வொரு வீடும் வாரியத்துக்கே வரி கட்டுகிறது. லைடன் நகரில் தலைமையிடம் உள்ள ரைன்லாந்து வாரியத்தைப் பற்றிய ஆவணம் 1255ஆம் வருசத்தது. நெதர்லாந்து என்றொரு நாடு உருவாவதற்கு மூன்று நூற்றாண்டு முந்தைய தேதி.

லைடனுக்குப் போனதும் இதனால்தான். சோழர் காலத்து ஆனைமங்கலம் செப்பேடுகளுக்கு லைடன் செப்பேடுகள் என்று பேர் வந்தது இந்த ஊரால். எனக்கோ அது இன்னொரு திருப்பூராகத் தெரிந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய கம்பளித்துணி ஊர்களில் ஒன்று. ஃபிளாண்டர்ஸிலிருந்து போருக்குத் தப்பிவந்த நெசவாளிகளால் ஒரு நூற்றாண்டுக்குள் சனத்தொகை நாலைந்து மடங்கானது. 1640இல் கட்டின துணி மாளிகை, லாக்கன்ஹால், இன்று அருங்காட்சியகம். துணி அங்கே வந்து சோதனையில் தேறினால் ஈய முத்திரை குத்துவார்கள். எங்கள் ஃபைனல் செக்கிங் மேஜை, முந்நூற்றைம்பது வருசத்துக்கும் முன்னால். சுவரில் ஐசக் வான் ஸ்வானன்பர்க் வரைந்த ஓவியங்கள்: ரோமம் அலசுவது, நூற்பது, நெய்வது, சாயம் போடுவது. சாயத்தொட்டிப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்நாளில் லைடன் கால்வாய்களும் நாறித்தான் கிடந்தன. நான் பார்த்தபோது ஒரு தாய்வாத்து ஏழு குஞ்சுகளோடு நீந்திக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆறு வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நாலு மாவட்டம் கடந்து காவிரியில் சேர்கிறது. நாலு கலெக்டர் இருக்கிறார்கள். ஆறு முழுவதுக்கும் ஓட்டு வாங்கி வந்த ஒரு சபை இல்லை. பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படி ஏறி, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு எங்கள் ஊர் முழுமூச்சாக இறங்கியது. அந்த மாதங்களில் வேலையில்லாமல் ஊருக்குப் பஸ் ஏறியவர்களை நான் பார்த்தேன். கீழே தென்னை காய்ந்தவர்களையும் பார்த்தேன். சாயப்பட்டறைக்காரரும் தென்னந்தோப்புக்காரரும் ஒரே சபையில், ஒரே மேஜையில் முன்பே உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருக்கும் அவ்வளவு நட்டம் வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

இது நமக்கு அந்நியமான யோசனையும் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்கிறது. ரைன்லாந்து ஆவணத்துக்கு முந்நூறு வருசத்துக்கு மேல் மூத்தது.

நொய்யல் கரையில் தொழில் செய்கிறவர்களும் கரையில் விவசாயம் பார்க்கிறவர்களும் சேர்ந்து கேட்க வேண்டியது ஒன்றுதான்: கோவையிலிருந்து கரூர்வரை ஒரே ஆற்றுக்கு, ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரே வாரியம். அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.