குண்டு விழுந்த ஊரில் ஒரு கேம்!

செல்போன் கேமராவே போதும் பாஸ். கூடவே கோடு போடாத ஒரு நோட்டு, ஒரு பென்சில். கடலூர் பஸ் ஸ்டாண்டில் 'ஓ.டி.' போர்டு போட்ட டவுன் பஸ்ஸில் ஏறுங்க. ஓல்டு டவுன்... அதாவது நம்ம முதுநகர்!

காலையிலேயே போயிடணும். உப்பனாற்றில் போட்டுகள் வந்து நிற்கிற நேரம். வலை, ஐஸ் பெட்டி, மீன் ஏலம் விடுகிற குரல்... அரை மணி நேரத்தில் நூறு போட்டோ எடுத்துடுவீங்க. ரூமுக்கு வந்து பார்த்தால் நூறும் ஒரே மாதிரி இருக்கும். அதில் ஒண்ணே ஒண்ணை எடுத்து வைச்சுக்கிட்டு வரைஞ்சு பாருங்க. எந்தக் கோடு வேணும், எது வேணாம்னு முடிவு பண்ற வேலை அங்கேதான் ஆரம்பிக்குது.

'இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?' வீட்டில் நிச்சயம் கேட்பாங்க. ஜோர்டான் மெக்னர் கதையை எடுத்து விடுங்க. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, 1984-ல், 'கராத்தேக்கா' கேமை வெளியிட்ட ஆள். அடுத்த வருஷம் தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்தார். அதை டி.வி.யில் நிறுத்தி நிறுத்தி ஸ்டில் கேமராவில் க்ளிக்கினார். பிரின்ட் போட்டு, உருவத்தை மட்டும் மார்க்கரால் தனியாகப் பிரிச்சு, கம்ப்யூட்டருக்குள் ஏத்தினார். 1989-ல் வந்தது 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. போட்டோ, டிராயிங், கேம்... மூணும் அவருக்கு ஒரே மாடிப்படியின் மூணு படிகள்.

அந்த யேலுக்குப் பேர் கொடுத்தவர் யார் தெரியுமா? எலிஹு யேல். சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்தவர். அவர் காலத்தில்தான், 1690-ல், முதுநகருக்குப் பக்கத்திலேயே தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியர்களிடம் கம்பெனி விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை. டீல் என்னன்னா... கோட்டையில் இருந்து பீரங்கியால் சுடணும். குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் கம்பெனிக்கு! கடலூரும் அதற்குள் மாட்டிக்கிச்சு. 'குண்டு கிராமங்கள்'னே அந்த ஊர்களுக்குப் பேர் வந்தது.

ஒரே வரியில் ரூல், கூடவே மேப்... கேம் டிசைனருக்கு வேறென்ன வேணும்? ஆனால், நான் ஆடினால் பீரங்கிப் பக்கம் நிற்க மாட்டேன். கொல்லையில் குண்டு விழுந்த விவசாயியாகத்தான் ஆடுவேன். நம்ம ஊர்க் கதையை யார் ஆடுவாங்கன்னு யோசிக்காதீங்க. 2023-ல் டொரன்டோவில் இருந்து வந்த 'வெண்பா' கேம் முழுக்க, கனடாவில் குடியேறின ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்படிதான். இட்லி அவிக்கிறது ஒரு லெவல்! 2024-ல் பாஃப்டா விருதே வாங்கிடுச்சு.

அப்படியே சில்வர் பீச்சுக்கு நடங்க. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி புகுந்த கரை இது. அலையிடம் இருந்து ஓடித் தப்பிக்கிற லெவல் யாருக்கும் டக்குனு தோணும். ஆளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கிற தெருவில் நின்னுக்கிட்டு அதுக்குப் பாயின்ட் போட முடியுமா? என்னால் முடியாதுப்பா. கடலை வரைஞ்சதோடு நோட்டை மூடிட்டேன்.

மதியம் சிதம்பரம். ஒரு மணி நேர பஸ். நடராஜர் கோயிலுக்குள் கேமராவைப் பையிலேயே வெச்சிருங்க. இனி பென்சில்தான். கோபுர வாசல்களின் உள்சுவரில் 108 கரணங்கள் வரிசை கட்டி நிற்கும். கிழக்குக் கோபுரத்தில் நாட்டிய சாஸ்திர சுலோகத்தோடு இருக்கு. கரணம்னா போஸ் கொடுத்து நிற்கிறது இல்லை. கை, கால், உடம்பு சேர்ந்து செய்கிற ஒரு முழு அசைவு. அதில் எந்த நொடியைக் கல்லில் நிறுத்தணும்னு சிற்பி முடிவு பண்ணியிருக்கார். மெக்னர் டி.வி.யை நிறுத்தின மாதிரியே! என்ன, இவருக்கு 'பாஸ்' பட்டன் கிடையாது.

ஒரு கரணத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வரையுங்க. அதற்கு முன்னால் அந்தக் கால் எங்கே இருந்திருக்கும், அடுத்து எங்கே போகும்... ரெண்டு ஃப்ரேம் நீங்களா போடுங்க. நோட்டு ஓரத்தைச் சரசரன்னு புரட்டுங்க. ஆடுதா? ஆடலைன்னா இடுப்பைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க. எனக்கு நாலாவது தடவைதான் ஆடுச்சு!