கல்லமேட்டுக்காரரைக் கூப்பிடுங்கப்பா!

வெளிநாட்டு ஸ்கூல்கள்ல டைனோசர் ஷோ நடத்துறாங்க, பாத்திருக்கீங்களா மக்களே? டைனோசர் வேஷம் கட்டின ஆள் உறுமிக்கிட்டே ஹாலுக்குள்ள வருவார். கூட வர்றவர் அதோட பல்லைக் காட்டி, "இது என்ன சாப்பிடும்?"னு பசங்களைக் கேட்பார். கூச்சலோட கூச்சலா பாடமும் நடந்துடும்.

அணுபுரத்துல இருக்கற அக்கா பையனுக்கு அந்த வீடியோவைக் காட்டினேன். "மாமா, இதெல்லாம் நம்ம பக்கம் இருந்துச்சா?"ன்னான்.

இருந்துச்சுடா! அரியலூர் பக்கம் கல்லமேட்டுல கிடைச்ச எலும்புகளுக்கு, 1980கள்ல யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு புவியியலாளர்கள் 'ப்ருஹத்காயோசரஸ்'னு பேர் வெச்சாங்க. பெருத்த உடம்புக்காரன்னு அர்த்தம். கீழ்க்கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். முதல்ல கறி தின்கிற வகைன்னு நினைச்சாங்க. அப்புறம் நீளக் கழுத்து இலைதின்னின்னு மாத்திட்டாங்க.

ஆனா அந்த எலும்புங்க இப்ப இல்லை, உதிர்ந்து போச்சு. பொட்டி தட்டுற என் பாஷையில சொன்னா, பேக்கப் எடுக்கவே முடியாத டேட்டா. படமும் அளவும்தான் மிச்சம்.

பையன் முகம் சுருங்கிடுச்சு. "அப்ப நிஜம்னு எப்படித் தெரியும்?"

விஞ்ஞானிகளுக்கும் இதே சந்தேகம் வந்துச்சு. கல்லாகிப்போன மரமா இருக்குமோன்னுகூட கேட்டாங்க.

இப்படி ஒரு கேள்வியை வரவழைக்கத்தானே ஷோவே? நம்ம ஸ்கூலுக்கு அது வந்தா, டி-ரெக்ஸ் கொஞ்சம் ஓரமா நிக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?