கடைமடையின் கவலை

காவிரிப் படுகையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படுமா என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை விவசாயிக்கோ, மேற்கிலிருந்து வரவேண்டிய நன்னீரைப் போலவே, கிழக்கிலிருந்து வரக்கூடாத உப்புநீரும் நித்திய கவலையாக இருந்து வருகிறது.

2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுத்தது போற்றத்தக்கதே; எனினும் முன்பே இயங்கிவந்த கிணறுகளை அது தீண்டவில்லை என்பதையும், சட்டம் வகுத்த எல்லைக்குச் சமுத்திரம் கட்டுப்படாது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வெண்ணாற்று உபவடிநிலத்தில் கரைகளை உயர்த்தி, மதகுகளையும் கடைமடை இயக்கு அணைகளையும் புதுப்பிக்க அரசு மேற்கொண்ட முயற்சி, வெள்ளம் விரைந்து வடியவும் உப்புநீர் உட்புகாதிருக்கவும் அவசியமானதே.

ஆயினும் என் மனத்தை உறுத்துவது வேறொன்று: ஆறு யுகயுகமாகக் கொணர்ந்த வண்டலால் பிறந்த இப்பூமிக்கு, அணைகள் அவ்வண்டலைத் தேக்கிவிட, ஆற்றுமணலை நாமே அள்ளிவிட, நிலத்தடி நீரையும் வரம்பின்றி இறைத்துவிட்டால், கான்கிரீட் மட்டும் எவ்வாறு ரக்ஷை அளிக்கும்? மணற்கொள்ளையைத் தடுப்பதும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பேணுவதும், மதகுப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்குவதும், கடைமடை விவசாயியைக் கலந்தாலோசித்துத் திட்டம் வகுப்பதும் அரசின் பிரதம கடமைகளாக வேண்டும்; அவற்றை இடைவிடாது கேட்டுப் பெறுவது நம் கடமை.