ஜானதன் ஸ்விப்டும் அவர்காலச் சமயப் பூசலும்

அங்கத நூல்களைக் கற்று நகைப்பார் பலர். அவை பிறத்தற்கு ஏதுவாய் நின்ற பிணக்குகளை ஆராய்வார் சிலரே. ஆங்கில மொழியில் அங்கதம் இயற்றினாருள் தலைசிறந்த ஜானதன் ஸ்விப்ட், 1667-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரில், தந்தையார் இறந்தபின் பிறந்தவர். அவர்தம் பாட்டனார் இங்கிலாந்தில் ஓர் ஊர்க்குரு. உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்றமையால், பாராளுமன்றப் படைஞர் அவர் இல்லத்தைப் பலகாற் கொள்ளையிட்டனர். அச்சார்பே பேரனார்க்கு முதுசொமாயிற்று.

அயர்லாந்து மக்களுட் பெரும்பாலார் கத்தோலிக்கர். வடபாலில் பிரெஸ்பிட்டேரியர் மிக்கிருந்தனர். ஆயினும் அரசின் திருச்சபையோ சிறுபான்மையோரது. அரசுப்பணி ஏற்பார் அச்சபையின் இராப்போசனச் சடங்கிற் கலந்துகொள்ளல் வேண்டுமென 1704-இல் சட்டமும் எழுந்தது. 1695-இல் இச்சபையிற் குருப்பட்டம் பெற்ற ஸ்விப்ட் முதற்கண் பணிபுரிந்த கில்ரூட்டில், ஊரார் பிரெஸ்பிட்டேரியராதலின், அவர் கோயிலுக்கு வருவார் அரியராயினர்.

1704-இல் வெளிவந்த 'தொட்டிக் கதை' இச்சூழலின் விளைவாகும். தந்தை ஒருவன் தன் மக்கள் மூவர்க்கும் ஒவ்வொரு சட்டை அளித்து, அவற்றைச் சிறிதும் மாற்றலாகாதென மரணசாசனம் எழுதி வைத்தான். மக்களோ சாசனச் சொற்களைத் திரித்துப் பொருள்கூறிச் சரிகையும் குஞ்சமும் தைத்துக்கொண்டனர். பின்னர்ப் பிழையுணர்ந்த இருவருள், ஜாக் வெறிகொண்டு சரிகையோடு துணியையும் கிழித்தெறிந்தான். மார்ட்டினோ, பிரித்தாற் கிழியுமிடங்களில் தையலை அவ்வாறே விட்டுவைத்தான். பிடிவாதமாய் அணிசுமந்த பீட்டர் ரோமச் சபை. ஜாக், கால்வின் வழியினர். மார்ட்டின், ஸ்விப்டின் சபை. தன் சபைக்கு அரணாகவே எழுதினாரெனினும், புனிதப்பொருளை நகையாடினாரென்னும் பழியே அவரை அடைந்தது. நகைக்கத் தொடங்கியவன் யாண்டு நிறுத்துவான் என்று சபையார் அஞ்சியது வியப்பன்று.

விக் கட்சியார் பிரெஸ்பிட்டேரியர்க்கு இடங்கொடுத்தலை வெறுத்து, 1710-இல் டோரி கட்சிக்கு எழுத்தாளராயினார். இங்கிலாந்தில் உயர்பதவி நாடியவர்க்கு 1713-இல் வாய்த்தது டப்ளின் நகரத்துப் பாட்ரிக் பேராலயத் தலைமையே. மறுவாண்டு ஆன் அரசியார் இறக்க, டோரியர் வீழ்ந்தனர்.

ஆங்கு வாழ்ந்தவர் அந்நாட்டின் வறுமையைக் கண்டார். வுட் என்பார் வார்த்த செப்புக்காசை அயர்லாந்தின்மேற் சுமத்த அரசு முற்பட்டபோது, 1724-இல் துணிவணிகர் ஒருவர் பெயரில் மறைந்து கடிதங்கள் விடுத்தார். எழுதினாரைக் காட்டிக்கொடுப்பார்க்கு 300 பவுன் அறிவிக்கப்பட்டது. ஊரறிந்த மறைபொருளாயினும் காட்டிக்கொடுத்தார் ஒருவருமிலர். 1725-இல் காசுரிமை திரும்பப் பெறப்பட்டது. 1729-இலோ, ஏழைமக்களின் குழந்தைகளைச் செல்வர்க்கு உணவாக விற்கலாமெனக் கணக்கிட்டுக் காட்டி நிலக்கிழார் கொடுமையைச் சுட்டினார். அங்ஙனம் எழுதிய கையே, பிரெஸ்பிட்டேரியர்க்குப் பதவித்தடை நீக்கும் முயற்சி 1733-இல் எழுந்தபோது, அதனை எதிர்த்தும் எழுதிற்று.